பேக்கரிக்குப் பின்னால் ஒரு லேண்ட்மாஸ்டர்

ஜனவரி 5, வெள்ளி

சர்க்கரை கூடிவிட்டதாம். என்ன தின்கிறேன், எவ்வளவு நடக்கிறேன் என்று தினமும் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு எழுதுவது ஒன்றும் புதிதல்ல. காலை: இட்லி, சட்னி. மதியம்: சாமைச் சோறு, கீரை. இரவு: சப்பாத்தி. பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று.

காரணம் மிதுனா. குருமாவை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, எனக்கு ஒருத்தரைப் புடிச்சிருக்குதுங்கப்பா. பேரு தினகர். தடாகம் ரோட்டுல பேக்கரி வெச்சிருக்காரு."

பேக்கரிக்கு நான் விரோதி அல்ல. இவளுக்கு இருபத்தேழு வயது, நூற்பு மெஷின் கம்பெனியில் டிசைன் இன்ஜினியர், சுயபுத்தி உள்ளவள். விசாரித்துப் பேசலாம் என்றுதான் இருந்தேன். அடுத்து சொன்னதைக் கேட்டுத்தான் சப்பாத்தியைத் தட்டில் வைத்தேன்.

"கடைக்குப் பின்னாடி ஷெட்டுல பழைய லேண்ட்மாஸ்டர் காரு ஒண்ணு கெடக்குது. அதை ஹாட் ராடாக் கட்டிட்டிருக்கறோம்."

ஹாட் ராடு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். உருண்டு திரண்ட பழைய காரைப் பிடித்து, கூரையை அறுத்துத் தாழ்த்தி, உடம்பைத் தரையோடு இறக்கி, வேறு காரின் பெரிய எஞ்சினை உள்ளே திணித்து உறும விடுவது. பதிவுச் சான்றிதழில் ஒரு வண்டி, ரோட்டில் வேறொரு வண்டி. சைலன்ஸர் மாற்றிய புல்லட்டைக்கூட நான் விட்டதில்லை. என் வீட்டு மாப்பிள்ளையாக இப்படி ஒருவனா?

'கட்டிட்டிருக்கறோம்' என்றாள். இன்னும் கல்யாணமே பேசவில்லை, அதற்குள் அவன் செய்கிற குற்றத்தில் இவளும் பங்கு சேர்ந்துவிட்டாள்.

"முடியாது" என்றேன். மிதுனா அமைதியாக இன்னொரு சப்பாத்தி போட்டுக்கொண்டாள்.

"ஏனுங்க, ஒருதடவை போயித்தான் பாருங்களே" என்றாள் சுலோசனா. என் மனைவிக்கு எப்போதுமே இளகிய மனசு.

ஜனவரி 6, சனி

நடந்தேன். தடாகம் ரோட்டுப் பக்கம் போகவில்லை.

ஜனவரி 9, செவ்வாய்

தடாகம் ரோட்டுப் பக்கம் காற்று நன்றாக இருக்கும் என்று தோன்றியதால் அந்த வழியாக நடந்தேன். குல்லா போட்டிருந்தேன்; பனி. முல்லை பேக்கரி என்று போர்டு. எதிரே நின்று கொஞ்சம் கவனித்தேன்.

கல்லாவில் இருந்த இளைஞன் எழுந்து வெளியே வந்துவிட்டான்.

"வாங்க சார். மிதுனாவோட அப்பாதானுங்களே? சக்கரை போடாம டீ சொல்லட்டுங்களா?"

குல்லாவையும் மீறி எப்படிக் கண்டுபிடித்தான் என்று தெரியவில்லை. ஒல்லியான பையன், மூக்குக் கண்ணாடி, நெற்றியில் விபூதிக் கீற்று. கடை சுத்தமாக இருந்தது. நான் பார்க்க வந்தது அவன் கைகளை. பழைய வண்டியில் உருளுகிறவன் கையில் கிரீஸ் இல்லாமல் போகாது. ஆனால் இரண்டு கையிலும் மைதாவைத் தவிர ஒரு பொட்டு அழுக்கு இல்லை. நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து நிற்கிறான். கைகாரன்.

டீ. வெஜ் பப்ஸ், பாதி. (மீதிப் பாதியையும் வீணாக்க மனசு வரவில்லை.)

இரவு கவனித்தேன், மிதுனாவின் நக இடுக்கெல்லாம் கறுப்பு. கேட்டதற்கு "ஆபீஸ் வேலைங்கப்பா" என்றாள். அவளை ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிற எடுபிடியாக வைத்திருக்கிறான் என்பது என் ஊகம்.

ஜனவரி 16, செவ்வாய், மாட்டுப் பொங்கல்

சர்க்கரைப் பொங்கல் ருசி பார்த்தேன். ருசி பார்ப்பதைச் சாப்பாட்டுக் கணக்கில் எழுத வேண்டுமா என்று டாக்டர் சொல்லவில்லை.

காலையிலிருந்து சுலோசனாவின் தையல் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது. மெரூன் நிறத்தில் கெட்டியான ரெக்ஸின். என்ன தைக்கிறாய் என்றேன்.

"சோபா கவருங்க."

நம் வீட்டில் சோபா இல்லை. வாங்கப் போகிறாள் போலிருக்கிறது. விலை விசாரித்தாளா என்று கேட்க வேண்டும்.

ஜனவரி 21, ஞாயிறு

இன்று ஷெட்டுக்குள்ளேயே போய்விட்டேன். நேருக்கு நேர் பேசி முடித்துவிடலாம் என்று கிளம்பினேன். தினகர் கடையில் இல்லை. டீ மாஸ்டர் செல்லமுத்து, "பின்னாடிதானுங்க இருக்காங்க, போங்க சார்" என்று வழி விட்டார்.

தகரக் கூரைக்குக் கீழே அந்த வண்டி நின்றது. முன்பு தினகரின் பெரியப்பா ஓட்டியதாம்; அப்புறம் பல வருடம் கோழிகள் அடைந்துகொண்டிருந்ததாம். இப்போது கூரை ஒரு சாண் இறங்கி, கண்ணாடிகள் குறுகி, புருவத்தை நெறித்து முறைக்கிற ஆள் மாதிரி இருந்தது. பானெட் இல்லை. கான்டெசா காரின் எஞ்சின் வெளியே தெரிய உட்கார்ந்திருந்தது. பின்பக்கம் ஒருவர் முகமூடி மாட்டிக்கொண்டு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார். பொறி பறந்தது.

"தம்பி, நிறுத்துப்பா" என்றேன். "யாரு நீ? அவங்கதான் தெரியாம பண்றாங்கன்னா, வேலை தெரிஞ்ச உனக்கு வேண்டாமா? சேஸிஸ்ல கை வெக்கறது எத்தனை பெரிய தப்புன்னு தெரியுமா? உங்க அப்பா அம்மாவுக்குத் தெரியுமா நீ இந்த வேலை பாக்கறது?"

முகமூடி மேலே போனது.

"இப்பத் தெரிஞ்சுபோச்சுங்கப்பா" என்றாள் மிதுனா.

என் பின்னால் கண்ணாடி டம்ளர் கிணுகிணுத்தது. தட்டில் டீயோடு தினகர். "சார், உக்காருங்க" என்று ஒரு டயரைத் துடைத்துப் போட்டான்.

உட்காரவில்லை. கூரையை அறுத்தது யார் என்று கேட்டேன். மிதுனா. எஞ்சினை இறக்கி வைத்தது? மிதுனா. அதற்கான தாங்கிகளை வரைந்து, வெட்டி, ஒட்டியது? மிதுனா.

"அப்ப நீ என்னதான் பண்றே?" என்று தினகரைக் கேட்டேன்.

"புடிக்கச் சொன்னா புடிப்பனுங்க சார். பசிக்குதுன்னா கொண்டாருவேன். பெயின்ட் வேலை மட்டும் என்னுது."

வீட்டுக்கு வந்தேன். கோபம் வந்தது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வந்திருக்க வேண்டும். ஆனால் கண்ணை மூடினால் அந்த வெல்டிங் தையல்தான் தெரிகிறது. ஒரே சீராக, நெளிவு இல்லாமல், கோலத்தில் இழுத்த கோடு மாதிரி. என் வேலைக்காலத்தில் பாடி கட்டும் பட்டறைகளில்கூட அப்படி அதிகம் பார்த்ததில்லை. குறை சொல்ல முடியவில்லை என்பதால் அது பாராட்டு ஆகிவிடாது.

இரவு அவளிடம் கேட்டேன், "ஏன் என்கிட்ட முன்னாடியே சொல்லலை?"

"அன்னிக்கே சொன்னனுங்களே. கட்டிட்டிருக்கறோம்னு."

உண்மைதான். என்னதான் சாப்பிட்டேன் என்று இப்போது நினைவில்லை. ரசம் என்று எழுதிக்கொள்கிறேன்.

ஜனவரி 24, புதன்

நடந்தேன். தடாகம் ரோடு. காற்றுக்காக.

பிப்ரவரி 1, வியாழன்

மிதுனாவோடு பேச்சுவார்த்தை. இந்த மாதம் 25ஆம் தேதி சின்னியம்பாளையத்துக்கு முன்னால் ஒரு கல்லூரி மைதானத்தில் பழைய கார்களும் மாற்றிக் கட்டிய கார்களும் கண்காட்சிக்கு வருகின்றனவாம். அதற்குத்தான் இத்தனை பாடும்.

"ரோட்டுல ஓடாதா?"

"ஓடாதுங்கப்பா. ரெக்கவரி வண்டில ஏத்திட்டுப் போயி மைதானத்துல இறக்கறது. ரோட்டுல ஓட்டணும்னா என்னென்ன அனுமதி வேணும்னு உங்களைவிட எனக்கு யாரு சொல்லிக் குடுத்திருக்கப்போறா? பன்னெண்டு வயசுல இருந்து சோத்தோட சேத்துக் கேட்டுட்டிருக்கறனே."

அப்படியானால் எனக்கு ஆட்சேபம் இல்லை என்று நான் சொல்லவில்லை. பரிசோதித்துப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

கல்யாணப் பேச்சை அவள் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

பிப்ரவரி 4, ஞாயிறு

பரிசோதனை. பழைய டார்ச், கைக் கண்ணாடி, சுத்தியல் எல்லாம் எடுத்துப் போனேன். சட்டை வெள்ளை, அது தவறு.

ஸ்டீயரிங்: சரி. அடித்தளம்: சரி. கூரையைத் தாழ்த்தியதால் ஓட்டுபவருக்குப் பார்வை மறைக்குமே என்றேன். அதற்கேற்ப சீட்டையும் இறக்கி இருக்கிறாள். உட்கார்ந்து பார்த்தேன், மறைக்கவில்லை. சீட் மெரூன் ரெக்ஸின். எங்கேயோ பார்த்த நிறம்.

பிரேக்கில்தான் பிடித்தேன். லேண்ட்மாஸ்டரோடு வந்த அதே டிரம் பிரேக். அந்தக் கால எஞ்சினுக்கு அது போதும். கான்டெசா எஞ்சினின் இழுப்புக்குப் போதாது.

"மைதானத்துல நிக்கத்தானுங்கப்பா போகுது" என்றாள் மிதுனா.

"நின்னாப் போதும்னா எஞ்சின் எதுக்கு, அம்மிணி?"

"இன்னும் மூணு வாரந்தான் இருக்குது. முன்பக்கம் முழுசாப் பிரிக்கணும். தெரியுமுங்களா?"

"தெரியும்."

ஸ்பானரைத் தரையில் வைத்தாள். வைத்தாள் என்றுதான் எழுதுகிறேன். சத்தம் வேறு மாதிரி இருந்தது. வெளியே போய்விட்டாள். நானும் தினகரும் எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"சார் ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. பன் பட்டர் ஜாம் தின்னுட்டு வந்துருவா" என்றான்.

வந்தாள். உதட்டில் ஜாம். "நீங்க சொல்றது சரிதான். டிஸ்க் பிரேக் போடணும்" என்றாள். கடைசியாக வந்த அம்பாசடர்களில் முன் சக்கரத்துக்கு டிஸ்க் இருக்கும், அதை அப்படியே எடுத்து மாட்டிவிடலாம் என்று நான் யோசனை சொன்னேன்.

"அப்படியே மாட்ட முடியாதுங்கப்பா. இதுல போல்ட் இடமே வேற. நடுவுல ஒரு தாங்கி செய்யணும்" என்று அட்டைப் பெட்டி மூடியைக் கிழித்து வரைய ஆரம்பித்துவிட்டாள். அவள் வரைவதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் மணி போனது தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சுலோசனாவிடம் அந்த மெரூன் ரெக்ஸினைப் பற்றிக் கேட்டேன்.

"சோபா எப்படி இருந்துச்சுங்க, உக்கார?" என்றாள்.

ஆக, இந்த வீட்டில் கடைசியாக விஷயம் தெரிந்தவன் நான்தான்.

பிப்ரவரி 8, வியாழன்

உக்கடம் வரை நடந்தேன். டாக்டருக்காக. அங்கே பழைய கார் சாமான் கடைகள் இருப்பது தற்செயல். ஐந்தாவது கடையில் கிடைத்தது. கடைக்காரர் என்னை அடையாளம் கண்டு எழுந்து நின்று, "ஐயா, எல்லாம் சட்டப்படிதானுங்க விக்கறோம்" என்றார். நான் வாங்க வந்திருக்கிறேன் என்றதும் நெடுநேரம் என்னையே பார்த்தார்.

பிப்ரவரி 11, ஞாயிறு

நாள் முழுக்க ஷெட். தாங்கி முதல் தடவை பொருந்தவில்லை. இரண்டாவது தடவை பொருந்தியது. தினகர் தக்காளிச் சோறு கொண்டுவந்தான். சுலோசனாவும் வந்து, டயரில் துண்டு விரித்து உட்கார்ந்துகொண்டு, கதவின் உள்பக்கத்துக்கு அளவெடுத்தாள்.

வெள்ளைச் சட்டை இனி ஆகாது. எண்ணெய்.

பிப்ரவரி 14, புதன்

இன்று தினகரின் வேலையைப் பார்த்தேன். வண்டி முழுக்கக் கருநீலம் அடித்து உலர்ந்திருந்தது. கேக்கின் மேல் பூ வரைகிற கை அல்லவா. மெல்லிய தூரிகையை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஹெட்லைட்டின் ஓரத்திலிருந்து கதவு வரைக்கும் ஒரே இழுப்பில் வெண்ணெய் நிறக் கோடு போட்டான். எங்கேயும் தடிக்கவில்லை, எங்கேயும் நடுங்கவில்லை. மிதுனா அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். பிறகு வெளியே வந்து கொஞ்ச நேரம் தெருவை வேடிக்கை பார்த்தேன்.

பேக்கரிக்கு வந்த ஒருவர் என்னிடம் முட்டை பப்ஸ் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். கல்லாவில் யாரும் இல்லை, என்ன செய்வது.

பிப்ரவரி 18, ஞாயிறு

எஞ்சின் எடுத்தது! முதல் முயற்சியில் இருமியது, இரண்டாவதில் புகை, மூன்றாவதில் ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. செல்லமுத்து டீயைக் கீழே ஊற்றிவிட்டார். பின்புற முற்றத்தில் மெதுவாக முன்னும் பின்னும் ஓட்டி பிரேக்கைச் சோதித்தோம். சொன்ன இடத்தில் நின்றது.

சத்தத்தைப் பற்றி என் ஆட்சேபத்தைப் பதிவு செய்தேன். யாருக்கும் கேட்கவில்லை.

பிப்ரவரி 24, சனி

நாளை கண்காட்சி. காலை ஒன்பது மணிக்குள் மைதானத்தில் வண்டி நிற்க வேண்டும். அதற்கு மேல் வந்தால் போட்டியில் சேர்க்க மாட்டார்கள். ரெக்கவரி வண்டி ஆறு மணிக்கு வருகிறது. நான் போவதாக இல்லை. கூட்டம், வெயில்.

சுலோசனா என் வேட்டி சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள். எதற்கென்று தெரியவில்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு

போனேன். எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

ரெக்கவரி வண்டியில் லேண்ட்மாஸ்டரை ஏற்றிக் கட்டினோம். மிதுனாவும் தினகரும் டிரைவரோடு முன்னால். பின்னால் பேக்கரியின் ஆம்னியில் நான், சுலோசனா, செல்லமுத்து, பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேர். ஹோப் காலேஜ் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் ரெக்கவரி வண்டி ஒரு முனகலோடு ஓரமாக நின்றுவிட்டது. கிளட்ச் போய்விட்டது. வேறு வண்டி வர மதியம் ஆகும் என்றார் டிரைவர். மைதானம் இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டர். மணி எட்டு.

"இறக்கி ஸ்டார்ட் பண்ணிரலாமுங்க சார்" என்றார் செல்லமுத்து. "நாலு நிமிசம். ஞாயித்துக்கெழமை காலைல யாரு பாக்கறா?"

"நான் பாக்கறனே" என்றேன்.

மிதுனா கெஞ்சியிருந்தால், முடியாது என்று சொல்லிவிட்டு நான் பஸ் ஏறியிருப்பேன். அவள் கெஞ்சவில்லை. சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஸ்டார்ட் பண்ணலீங்கப்பா. ரோட்டுல ஓடாதுன்னு சொன்னது சொன்னதுதான். அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டாள். தினகர் அவள் பக்கத்தில் போய் நின்றான். ஒரு தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினான்.

சாவியைச் சட்டைப் பையில் போட்டேன். வேட்டியை மடித்துக் கட்டினேன்.

"வண்டியை இறக்குங்க. தள்ளிட்டுப் போலாம்."

எஞ்சின் ஓடாத வண்டியைக் கையால் தள்ளுவது ஓட்டுவதாகாது என்பது அந்த நேரத்தில் என் கருத்து. சட்டம் இதை எப்படிப் பார்க்கும் என்று முழு நிச்சயத்தோடு சொல்ல மாட்டேன். மிதுனா ஸ்டீயரிங்கில். முன்னால் விளக்கை மினுக்கிக்கொண்டு ஆம்னியில் ஒரு கடைக்காரர். பின்னால் நாங்கள். சுலோசனா புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வந்துவிட்டாள்; வேண்டாம் என்றதற்கு, "என்ற சோபாவும் இதுலதானுங்க இருக்குது" என்றாள்.

இரும்பு இரும்புதான். ஓர் இடத்தில் ரோடு லேசாக மேடேறியது. அங்கே வண்டி நின்றுவிட்டது, பின்னால் நழுவவும் பார்த்தது. எனக்கு மூச்சு வாங்கியது.

"மாப்பிள்ளை! எடது பக்கம் வந்து முட்டுக் குடுங்க, மாப்பிள்ளை!" என்று கத்தினேன்.

"சரிங்க மாமா!" என்று ஓடிவந்தான் தினகர்.

ஒரு கணம் யாருமே தள்ளவில்லை. சுலோசனா என்னைப் பார்த்தாள். பின்பக்கக் கண்ணாடியில் மிதுனாவின் கண்கள் தெரிந்தன. மூச்சு வாங்கும்போது 'தினகர்' என்று சொல்வதைவிட அது எளிதாக வாயில் வந்தது, அவ்வளவுதான். ஆனால் சொன்னதைத் திருப்பி வாங்குகிற வழக்கம் எனக்கு இல்லை.

அப்புறம் நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு கூட்டம் எங்களோடு சேர்ந்துகொண்டது. ட்ராக் பேன்ட் போட்ட பெரியவர்கள், ஒரு பால் வண்டிக்காரர், கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்த பட்டு வேட்டிக்காரர் ஒருவர். போக்குவரத்துக் காவலர் ஒருவர் பைக்கை நிறுத்தினார்.

"என்னங்க சார் இது? நம்பர் பிளேட்டு எங்க?"

"இல்லீங்க. அதனாலதான் ஓட்டல. தள்ளறோம்" என்றேன். நான் யார், இது என்ன, எங்கே போகிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். வேர்த்து நனைந்த என் சட்டையையும் கருநீல வண்டியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு முன்னால் போய், மைதானத்து வளைவில் வருகிற வண்டிகளை எல்லாம் நிறுத்தி எங்களுக்கு வழி விட்டார்.

கல்லூரி வாசலுக்குள் நுழைந்தபோது மணி ஒன்பதே கால். போட்டிக்குப் பெயர் சேர்ப்பது முடிந்துவிட்டது. ஏற்பாட்டாளர் மரியாதையாகத்தான் சொன்னார்: நிறுத்தி வைக்கலாம், பரிசுக்கு எடுத்துக்கொள்ள முடியாது. விதியை அவர் மாற்றியிருந்தால் எனக்கே பிடித்திருக்காது. ஆனாலும் மிதுனாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கடைசியில் பார்த்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். தள்ளி வந்தவர்கள் எல்லோரையும் வண்டியோடு நிற்க வைத்துத் தினகர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். பட்டு வேட்டிக்காரர் நடுவில்.

பகல் முழுக்க எங்கள் வண்டியைச் சுற்றிக் கூட்டம். யார் கட்டியது என்று ஒவ்வொருவரும் தினகரைத்தான் கேட்டார்கள். அவன் ஒவ்வொரு தடவையும் கையை நீட்டி மிதுனாவைக் காட்டினான். சலிக்கவே இல்லை அவனுக்கு. நானாக இருந்தால் ஒரு போர்டு எழுதி மாட்டியிருப்பேன். வெளியூர்க்காரர் ஒருவர் அந்தப் பிரேக் தாங்கியைப் படுத்துப் பார்த்துவிட்டு, தன்னிடமும் ஒரு பழைய வண்டி இருப்பதாகச் சொல்லி அவளுடைய போன் நம்பரை வாங்கிப் போனார்.

சுலோசனா செல்லமுத்துவோடு நின்று மண்டப வாடகையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். காதில் விழாதது போல் இருந்தேன். வைகாசியில் ஏதோ தேதி.

மாலையில், பரிசு வாங்கிய வண்டிகள் மைதானத்தை ஒரு சுற்று வந்த பிறகு, விரும்புகிறவர்களும் ஓட்டலாம் என்று அறிவித்தார்கள். மிதுனா என்னிடம் கை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன்.

"ஏறுங்கப்பா" என்றாள்.

"தினகர் ஏறட்டும்."

"அவருதான் உங்களை ஏறச் சொன்னாரு."

இடது பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். என் உத்தியோகம் முழுக்க அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறேன். எத்தனையோ பேர் கை நடுங்க என் பக்கத்தில் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். என் மகளோடு மட்டும் உட்கார்ந்ததில்லை. அவள் லைசென்ஸ் எடுத்தபோது, மகள் என்று சலுகை காட்டினேன் என்ற பேச்சு வரக்கூடாதென்று அன்றைக்கு வேறொரு ஆய்வாளரிடம் அனுப்பிவிட்டு நான் லீவு போட்டுவிட்டேன். அவள் எப்படி ஓட்டுவாள் என்பதே எனக்குத் தெரியாது.

ஓட்டினாள். எஞ்சின் அத்தனை சத்தம் போட்டும் அவள் கை அவசரப்படவில்லை. வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறைத்தாள். வளைவு முடிந்ததும் வண்டியை விட்டாள். நீளமான பக்கத்தில் என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. புல்லும் ஆட்களும் பந்தலும் ஒரே கோடாகப் பின்னால் போயின. நான் சிரித்ததாக சுலோசனா சொல்கிறாள். வெளியே இருந்து பார்த்தால் அப்படித் தெரிந்திருக்கலாம்.

சுற்று முடிந்து, வேகத்தைக் குறைத்துக்கொண்டு வந்து கேட்டாள்:

"என்னங்கப்பா? பாஸா, பெயிலா?"

"ஒரு ரவுண்டுல எப்படிச் சொல்றது?" என்றேன். "இன்னொரு ரவுண்டு போ, அம்மிணி."